முறையும் மேல்முறையும்: குற்றத் தீர்ப்புகளை மீள ஆய்ந்த வரலாறு

'மேல்முறையீடு' என்னும் சொல் நம் இலக்கியங்களில் வழங்கிய பழஞ்சொல் அன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் தமிழ் மக்கள் 'அப்பீல்' என்றே எழுதியும் பேசியும் வந்தனர். எனினும் இக்கூட்டுச் சொல்லின் உயிர்நிலையாகிய 'முறை' என்பது மிகத் தொன்மையானது. திருவள்ளுவர் முறை செய்தலை இறைமாட்சியினும் செங்கோன்மையினும் வைத்து ஓதினார். முறையிடுதல் என்பது முறை வேண்டி அரசன்பால் உரைத்தல். அரசன் செய்த முறையே பிழையாயின் அதன்மேல் யாரிடத்து முறையிடுவது என்னும் வினாவுக்குப் பழந்தமிழகத்தில் அமைப்பு வழியான விடை இல்லை. அவ்விடை எவ்வாறு பையப் பைய உருப்பெற்றது என்பதைச் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த சில வழக்குகளைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்ட நூலார் இப்பொருளை விரிவாக எழுதியுள்ளனர். யாம் அவர்தம் துறையுட் புகுந்து வழக்காட விரும்புகின்றிலேம். தமிழ் கற்பார் அறிந்த நூல்களும் தமிழ் மக்கள் அறிந்த மாந்தரும் இவ்வரலாற்றில் இடம்பெறுதலின், இத்துறையாரும் இதனை நோக்குதல் தகும் என்பதே எம் கருத்து.

சிலப்பதிகாரத்தை முதற்கண் நோக்குவோம். கோவலன் மீது சாட்டப்பட்டது களவுக் குற்றம். சாட்டியவன் பொற்கொல்லன், அவனே உண்மைக் கள்வன். பாண்டியன் நெடுஞ்செழியன் வினவியது சிறிது, விதித்தது பெரிது. கோவலனை அவைக்கு அழைத்து அவன் சொற் கேட்டிலன். தண்டனையும் உடனே நிறைவேறிற்று. வழக்குரை காதையில் கண்ணகி வந்து உரைப்பது, ஆகவே, வழக்கின் முதல் விசாரணை அன்று. தீர்ப்பும் தண்டமும் முடிந்தபின் நிகழும் மறுவிசாரணையேயாகும். அவள் கொணர்ந்ததும் புதுச் சான்று. அரசியின் சிலம்பின் பரல் முத்து, கண்ணகி சிலம்பின் பரல் மாணிக்கம் என்னும் வேறுபாடு சிலம்பை உடைத்த அளவில் வெளிப்பட்டது. சட்ட நூலார் இக்காலத்துத் 'தீர்ப்புக்குப் பின் கிடைத்த சான்று' என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இலக்கியத்தில் அரிதே. ஆனால் இவ்விசாரணையைச் செய்தவனும் முன்னர்த் தீர்ப்புச் சொன்ன அதே மன்னன். தன் தீர்ப்பைத் தானே பிழையெனக் கண்டவன், அதனைத் திருத்தும் வழியறியாது அரியணையில் வீழ்ந்து இறந்தான். கொன்றதை மீட்க இயலாமையின் அவனுக்கு வேறு செய்யத்தக்கது ஒன்றும் இல்லை.

இதனோடு சேர்த்து எண்ணற்பாலது கட்டுரை காதையில் வரும் வார்த்திகன் செய்தி. இப்பகுதியை நம் மாணாக்கர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். மதுரைமா தெய்வம் கண்ணகியின் சினம் தணிக்கும் பொருட்டுப் பாண்டியர் முறை தவறாதவர் எனக் காட்ட இதனை எடுத்துரைக்கின்றது. சேரனிடம் பெரும்பொருள் பெற்று மீண்ட பராசரன் என்னும் அந்தணன், தங்கால் என்னும் ஊரில் வார்த்திகனின் இளம் மகனுக்கு அணிகலன் அளித்துச் சென்றான். அதனைக் கண்டு பொறாத அரசு ஏவலர், அரசனுக்குரிய புதையற்பொருளைக் கவர்ந்தான் என வார்த்திகனைச் சிறைப்படுத்தினர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். கொற்றவை கோயிற் கதவு திறவாது நின்றது. அது கேட்ட பாண்டியன் ஒருவன் நாட்டில் நேர்ந்த முறைகேடு யாது என உசாவி, உண்மை உணர்ந்து, வார்த்திகனை விடுவித்தான். விடுவித்ததோடு அமைந்திலன். தன் ஏவலர் செய்த பிழையைப் பொறுக்குமாறு வேண்டித் தங்காலும் வயலூரும் ஆகிய இரண்டு ஊர்களையும் அவனுக்கு அளித்தான். சிறைக்கதவுகளைத் திறக்கவும் ஆணையிட்டான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இளங்கோவடிகள் அடுத்தடுத்து வைத்தது தற்செயலாக நிகழ்ந்ததெனக் கொள்ளுதல் அரிது. இரண்டும் பாண்டி நாட்டில் நிகழ்ந்தவை. இரண்டிலும் குற்றமற்றவன் தண்டிக்கப்பட்டான். இரண்டிலும் மனைவியின் குரலே அரசன் செவிக்கு எட்டியது. வேறுபாடு தண்டனையின் தன்மையில் உள்ளது. சிறையிலிருந்தவனை விடுவித்தல் இயன்றது; ஈடாக ஊர் வழங்குதலும் இயன்றது. வெட்டுண்டவன் திறத்தில் இவ்விரண்டும் இயன்றில. மேலும் ஒன்று காண்க. வார்த்திகன் வழக்கு மீள எடுக்கப்பட்டது எந்த மன்றத்தின் விதியாலும் அன்று. கோயிற் கதவு மூடாதிருந்திருப்பின் அவன் சிறையிலேயே இறந்திருப்பான். தெய்வம் இடைநின்று செய்ததை விதியும் மன்றமும் செய்யுமாறு அமைத்ததே பிற்கால வரலாறு.

மற்றொரு சான்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. கிழிந்தது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் முதியவர் கூற, அவையத்தார் அதனைப் பழைய கைச்சாத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்பளிக்கின்றனர். அது குற்ற வழக்கு அன்று, அடிமை வழக்கு. ஆயினும் எழுத்தைக் காத்து வைத்து, பிறிதோரிடத்துப் பிறரால் அது ஆராயப்படுதல் என்னும் கருத்து அதில் உண்டு. மேல்முறையீட்டுக்கு இன்றியமையாத முதற்கருவி ஏடு. சொல்லிய சான்று எழுதப்படாதாயின் மேல்மன்றம் எதனை ஆராயும்?

இனி, ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இருவகை நீதிமன்றங்களை நடத்தினர். நகருக்குள் 1801 இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட்டு அரசரின் சாசனத்தால் அமைந்தது. அங்கு இங்கிலாந்தின் சட்டமும் ஜூரிமுறையும் நிலவின. நகருக்குப் புறம்பான மாவட்டங்களில், 1802 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, சுற்று நீதிமன்றங்களும் அவற்றின்மேல் பௌஜ்தாரி அதாலத்து என்னும் மன்றமும் செயற்பட்டன. சுற்று நீதிமன்றத்தார் விதிக்க எண்ணிய மரண தண்டனை அதாலத்தின் ஆணை பெற்றபின்னரே நிறைவேற்றத்தக்கதாயிருந்தது. 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1862 இல் இவ்விரு கிளைகளும் ஒன்றிச் சென்னை உயர்நீதி மன்றம் ஆயிற்று. ஒன்றாயினும் உள்ளே இரு கூறாகவே நின்றது. மாவட்ட வழக்குகளில் அது மேல்மன்றம். சென்னை நகர வழக்குகளில் அதுவே, ஒரு நீதிபதியும் ஒன்பதின்மர் ஜூரிகளும் கொண்டு, முதல் விசாரணை செய்யும் மன்றம்.

இவ்விரட்டை நிலையினின்றும் ஒரு விந்தை விளைந்தது. 1861 இல் வந்து, பின்னர் 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் புதுக்கப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம், மாவட்டத்துச் செசன்சு நீதிபதியால் தண்டிக்கப்பட்டோர்க்கு உயர்நீதி மன்றத்துக்கு அப்பீல் செய்யும் உரிமையை நல்கிற்று. ஜூரிகளின்றி விசாரிக்கப்பட்ட வழக்காயின் உண்மை பற்றியும் சட்டம் பற்றியும் வாதிடலாம். ஜூரி வழக்காயின் சட்டம் பற்றி மட்டுமே வாதிடலாம். மேல்மன்றம் தீர்ப்பை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம், மறுவிசாரணைக்கு ஆணையிடலாம். மாவட்ட நீதிபதி விதித்த மரண தண்டனையோ, தண்டனை பெற்றவன் அப்பீல் செய்யினும் செய்யாதொழியினும், உயர்நீதி மன்றத்தின் உறுதி பெற்றாலன்றி நிறைவேறாது. இவ்வளவு பாதுகாப்பு இங்கிலாந்திலேயே அன்று இல்லை. அங்கு 1848 இல் அமைந்த ஒரு மன்றம், விசாரணை நீதிபதி தாமாக விரும்பி ஒதுக்கிவைத்த சட்ட வினாக்களை மட்டும் ஆராயும். பிறிதொருவன் செய்த குற்றங்களுக்காக அடால்பு பெக் என்பவர் 1896 இலும் 1904 இலும் இருமுறை தண்டிக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்ட பின்னரே, 1907 இல் குற்ற மேல்முறையீட்டுச் சட்டம் அங்கு நிறைவேறிற்று. ஆகவே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் திருநெல்வேலிச் சீமையில் தண்டிக்கப்பட்ட ஓர் உழவனுக்கு இருந்த உரிமை இலண்டன் மாநகரத்தானுக்கு இருந்ததில்லை.

ஆனால் அவ்வுரிமை சென்னை நகரத்தானுக்கும் இல்லை என்பதே யாம் இங்கு வற்புறுத்த விழைவது. 1865 ஆம் ஆண்டு அரச சாசனத்தின் 25 ஆம் பிரிவு, உயர்நீதி மன்றம் தன் முதல் விசாரணையில் அளித்த குற்றத் தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை எனத் தெளிவாகக் கூறிற்று. விசாரணை நீதிபதி சட்ட வினா ஒன்றை ஒதுக்கிவைத்தாலோ, 26 ஆம் பிரிவின்படி அட்வொகேட் ஜெனரல் சான்றளித்தாலோ மட்டுமே மீளாய்வு உண்டு. அட்வொகேட் ஜெனரல் என்பார் அரசாங்கத்தின் வழக்கறிஞர். தண்டிக்கப்பட்டவன் எதிர்த்தரப்பு அலுவலரிடம் சென்று சான்று கேட்டு நிற்க வேண்டிய நிலை அது.

திருநெல்வேலியில் நிகழ்ந்த அரசியல் வழக்குகள் இரண்டு இவ்வேற்றுமையை விளக்குவன.

முதலாவது வ. உ. சிதம்பரம் பிள்ளை வழக்கு. 1908 ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் தூத்துக்குடியில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய சொற்பொழிவுகள் பற்றி, தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்படி அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. மார்ச்சு 12 ஆம் நாள் அவர்கள் சிறைப்பட்டனர். செசன்சு நீதிபதி ஏ. எப். பின்ஹே சூலை 7 ஆம் நாள் தீர்ப்பளித்தார். சிதம்பரம் பிள்ளைக்குத் தம் சொற்பொழிவுக்காக ஓர் ஆயுள் நாடுகடத்தலும், சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்காக மற்றோர் ஆயுள் நாடுகடத்தலும், சிவாவுக்குப் பத்தாண்டு. பேச்சுக்காக விதித்த இத்தண்டனை ஆங்கிலேயர் சிலரையுமே திடுக்கிடச் செய்தது.

பேசியது தமிழில், தீர்ப்பானது ஆங்கிலத்தில். மேடைத் தமிழின் ஏற்ற இறக்கமும் நகையும் குறிப்பும் காவல்துறையார் எழுதிய குறிப்பேட்டில் எவ்வளவு நின்றன, அவை மொழிபெயர்ப்பில் எவ்வளவு எஞ்சின என்பன மொழி ஆய்வாளர் தனியே எடுத்து ஆராயத் தக்கவை. மேல்மன்றத்து நீதிபதிகளோ பேசியவனைக் கண்டவரும் அல்லர், கேட்டவரும் அல்லர். ஏட்டில் நின்ற சொற்களை மட்டும் கண்டவர்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நிகழ்ந்தமையின் அப்பீல் உரிமை சிக்கலின்றிக் கிடைத்தது. உயர்நீதி மன்றத்தில் தலைமை நீதிபதி சர் ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் அதனைக் கேட்டு, 1908 நவம்பர் 4 ஆம் நாள் தீர்ப்பளித்தனர். குற்றம் உண்டு என்பதை அவர்கள் மாற்றிலர். தண்டனை மட்டும் இருவர்க்கும் ஆறாண்டாகக் குறைந்தது. இதனைப் பெருவெற்றி என்று சொல்லுதற்கில்லை. தோல்வி என்று தள்ளுதற்கும் இல்லை. ஆயுள் முழுமையும் ஆறாண்டாகச் சுருங்கியது ஒரு மன்றத்தின் மேல் மற்றொரு மன்றம் இருந்தமையால் அன்றோ? சிதம்பரம் பிள்ளை அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து, 1912 டிசம்பர் 24 ஆம் நாள் விடுதலை பெற்றார். சிறையிலிருந்த காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார், 'மெய்யறம்' இயற்றினார். பின்னர்த் தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க அவர்க்கு வாழ்நாள் எஞ்சியிருந்தது. பின்ஹேயின் தீர்ப்பு நின்றிருப்பின் இப்பணியில் எவ்வளவு நமக்குக் கிட்டியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தமிழ்த்துறையினர்க்கு மிகையாகாது.

அப்பீல் மீட்காதவையும் பல. சிவா சிறையில் தொழுநோயுற்று வெளிவந்தார். 1925 இல் மறைந்தார். சுதேசிக் கப்பற் கம்பெனி அழிந்தது. தண்டனை பெற்றமையால் சிதம்பரம் பிள்ளையின் வழக்கறிஞர் உரிமை பறிபோயிற்று. குற்றத் தீர்ப்பு நிலைத்துவிட்டமையின், சிறைக்காலம் முடிந்த பின்னும் அதன் நிழல் அவரைத் தொடர்ந்தது. ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் பின்னரே அவ்வுரிமை மீண்டது. அந்நன்றியை நினைந்து தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் என்பது பலரும் அறிந்தது. தண்டனையின் பின்விளைவைப் போக்குதல் தண்டனையைப் போக்குதலினின்றும் வேறான செயல் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாவது ஆஷ் கொலை வழக்கு. 1911 சூன் 17 ஆம் நாள் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தன்னுயிர் மாய்த்துக்கொண்டான். நீலகண்ட பிரமசாரி முதலியோர் மீதான சதி வழக்கு திருநெல்வேலிச் செசன்சில் நிகழ்ந்திருப்பின் அப்பீல் இயல்பாக வாய்த்திருக்கும். ஆனால் 1908 ஆம் ஆண்டுத் தனிச்சட்டத்தின்படி அது சென்னை உயர்நீதி மன்றத்தில் நீதிபதிகள் மூவர் முன் நேரே விசாரிக்கப்பட்டது. 1912 பிப்ரவரியில் வந்த தீர்ப்பின்மேல் அப்பீல் இல்லை. சட்ட வினா பற்றிய மீளாய்வே எஞ்சிற்று. உடந்தையாளன் முன்னர்க் கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டே அவனது பிற்சான்றை வலியுறுத்தலாமா என்பது அவ்வினாக்களுள் தலையாயது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்தனர். மூவர் தீர்ப்பை நிறுத்தினர். அப்துர் ரகீமும் பி. ஆர். சுந்தரையரும் மாறுபட்டனர். உண்மை பற்றிய முழு அப்பீல் இருந்திருப்பின் விளைவு யாதாயிருக்கும் என்று இன்று கூற இயலாது. இரு நீதிபதிகள் ஐயுற்ற ஒரு வழக்கில் அத்தகைய அப்பீலுக்கு வழியே இல்லாதிருந்தது என்பது மட்டும் உறுதி.

இக்குறை 1943 ஆம் ஆண்டு வரை நீடித்தது. அவ்வாண்டு 26 ஆம் சட்டத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-அ என்னும் புதுப்பிரிவு புகுத்தப்பட்டது. உயர்நீதி மன்றத்தின் முதல் விசாரணையில் தண்டிக்கப்பட்டவர் சட்ட வினா பற்றி உரிமையாகவே அப்பீல் செய்யலாம். உண்மை பற்றி, மேல்மன்றத்தின் இசைவு பெற்றோ விசாரணை நீதிபதியின் சான்று பெற்றோ செய்யலாம். தண்டனையின் அளவு பற்றியும் இசைவு பெற்று முறையிடலாம். இப்பிரிவின் ஆற்றல் எத்துணை என்பது வெளிப்பட இரண்டாண்டுகள் சென்றன. அதனை வெளிப்படுத்தியது தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு வழக்கு.

1944 நவம்பர் 8 ஆம் நாள் சென்னை வேப்பேரியில் சி. என். லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் குத்துண்டு மறுநாள் இறந்தார். திரைப்பட உலகினரைப் பற்றி இழிசெய்திகளை எழுதியவர் அவர். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக்குற்றத்தின்மேல் சிறைப்பட்டனர். அப்போது 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பாடலைக் கேட்கத் திரையரங்கில் மக்கள் நிறைந்திருக்கப் பாடியவர் சிறையில் இருந்தார். அக்காலச் செய்தித்தாள்கள் இதனைச் சுவைபட எழுதின. யாம் அதனுட் செல்லவில்லை.

விசாரணை உயர்நீதி மன்றத்துச் செசன்சில் நீதிபதி மாக்கெட்டு முன்னிலையில், ஜூரிகள் கேட்க, நிகழ்ந்தது. 1945 மே 3 ஆம் நாள் பாகவதர்க்கும் கிருஷ்ணனுக்கும் வேறு சிலர்க்கும் ஆயுள் நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன் இத்தீர்ப்பு வந்திருப்பின் கதை அதனோடு முடிந்திருக்கும். 411-அ பிரிவு இருந்தமையால் அப்பீல் சென்றது. அவ்வாண்டு அக்டோபரில் உயர்நீதி மன்றம் அதனைத் தள்ளிற்று.

தள்ளிய முறையே ஆராயத்தக்கது. ஜூரிகள் சான்றாளரை நேரிற் கண்டு கேட்டு முடிவு செய்தவர். அம்முடிவு அறிவுக்கு முற்றும் ஒவ்வாததாயின் அன்றி மேல்மன்றம் தலையிடலாகாது என்பது இங்கிலாந்தில் 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த கோட்பாடு. சென்னை மன்றம் புதிய பிரிவையும் அந்நோக்கிலேயே குறுக்கிப் பொருள்கொண்டது. உரிமை ஏட்டில் வந்துவிட்டது. அதனைப் பயன்படுத்தும் நீதிபதிகளின் மனத்தில் இன்னும் வரவில்லை எனலாம். தமிழ் உரையாசிரியர் சூத்திரத்துக்குப் பொருள்காணும் நெறியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நூற்பா ஒன்றே ஆயினும், அதனை எந்நூலின் மரபில் வைத்து நோக்குகின்றோம் என்பதைப் பொறுத்துப் பொருள் விரியும், அல்லது சுருங்கும்.

வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்றது. அம்மன்றம் குற்ற வழக்குகளில் எளிதில் தலையிடாது. 1887 ஆம் ஆண்டு டில்லெட்டு வழக்கில், இயற்கை நீதியின் நெறிகள் மீறப்பட்டுப் பெருந்தீங்கு நேர்ந்தாலன்றித் தாம் குற்ற மேல்முறையீட்டு மன்றமாக அமர்வதில்லை எனத் தனக்குத் தானே வரம்பிட்டுக்கொண்டது. அத்தகைய மன்றமே இவ்வழக்கில் தலையிட்டது. புதிய பிரிவு உண்மை பற்றிய அப்பீலுக்கு இடம் தருகின்றது. இடம் தந்தபின் மேல்மன்றம் சான்றுகளைத் தானே எடைபோட்டு முடிவுசெய்யக் கடவது. ஜூரிகளின் முடிவுக்கு உரிய மதிப்புத் தருதல் வேறு, அதற்குக் கட்டுப்பட்டு நிற்றல் வேறு என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கு மீண்டும் கேட்கப்படுமாறு சென்னைக்கே திருப்பப்பட்டது. நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகிய இருவரும் சான்றுகளை முதலிலிருந்து ஆராய்ந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கண்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தனர்.

அதே சான்றுகள், அதே ஏடு. 1945 இல் ஆயுள் தண்டனைக்குப் போதியதாயிருந்தது 1947 இல் போதாததாயிற்று. இடையில் மாறியது, மேல்மன்றம் தன் கடமை யாது எனக் கொண்ட கருத்து ஒன்றே. அப்பீல் உண்டு என்று சட்டம் சொல்லுதல் மட்டும் போதாது, அதனைக் கேட்பவர் எவ்வளவு ஆழ்ந்து நோக்கக் கடமைப்பட்டவர் என்பதே அதன் உயிர் என இவ்வழக்கினின்றும் யாம் கொள்கின்றோம். இவ்வரலாற்றில் ஆண்டுகளையும் பிரிவுகளையும் விட இக்கூறே முதன்மையானது என்பது எம் துணிபு.

இரண்டாண்டுகளுக்கு மேலாகச் சிறையிலிருந்த காலத்துக்கு எவரும் ஈடு அளிக்கவில்லை. கிருஷ்ணன் மீண்டும் நடித்தார், படம் எடுத்தார். 1957 இல் மறைந்தார். பாகவதர் 'ராஜமுக்தி' முதலிய படங்களில் நடித்தாரேனும் பழைய புகழ் மீளவில்லை. 1959 இல் காலமானார். அவர் வீழ்ச்சிக்கு வழக்கு ஒன்றே காரணம் எனச் சொல்லுதல் மரபாகிவிட்டது. பாட்டு மிகுந்த படங்களினின்றும் உரையாடல் மிகுந்த படங்களுக்குத் தமிழ்த் திரை அக்காலத்தே மாறிக்கொண்டிருந்தமையையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் நேர்ந்த மாறுதல்களைச் சுருங்கக் கூறுவோம். 1949 இல் பிரிவி கௌன்சிலின் அதிகாரம் நீங்கிற்று. 1950 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 134, 136 ஆம் உறுப்புகள் உச்சநீதி மன்றத்துக்கு வழி வகுத்தன. கீழ்மன்றம் விடுவித்தவனுக்கு உயர்நீதி மன்றம் மரண தண்டனை விதித்தால், அவன் உரிமையாகவே உச்சநீதி மன்றம் செல்லலாம். 1970 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையை ஆயுள் தண்டனைக்கும் பத்தாண்டுக்குக் குறையாத சிறைக்கும் விரித்தது. 1973 ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் ஜூரிமுறைக்கு இடமில்லை. 2024 சூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதன் இடத்தைப் பெற்றுள்ளது; எனினும் செசன்சு நீதிமன்றத்தின் மரண தண்டனைக்கு உயர்நீதி மன்றத்தின் உறுதி வேண்டும் என்னும் பழைய விதி மாறவில்லை. அதாலத்துக் காலத்து வித்து அது.

படிகளுள் ஒன்றை நீக்கினால் நேர்வது யாது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று தமிழகத்திலேயே உண்டு. இராசீவ் காந்தி கொலை வழக்கில் தடாச் சட்டத்தின்படி அமைந்த தனி நீதிமன்றம் 1998 சனவரி 28 ஆம் நாள் 26 பேர்க்கும் மரண தண்டனை விதித்தது. அச்சட்டப்படி அப்பீல் உயர்நீதி மன்றம் செல்லாது, நேரே உச்சநீதி மன்றம் செல்லும். அதாவது மூன்று படிகளுள் இடைப்படி இல்லை. 1999 மே 11 ஆம் நாள் உச்சநீதி மன்றம் நால்வர்க்கு மட்டும் மரண தண்டனையை நிறுத்தி, மூவர்க்கு ஆயுள் தண்டனையாக்கி, எஞ்சிய 19 பேரை விடுவித்தது. நால்வருள் ஒருவர் தண்டனை 2000 இல் ஆளுநரால் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனுக்கள் குடியரசுத் தலைவரிடம் பதினோராண்டு கிடந்தமையால், 2014 பிப்ரவரி 18 ஆம் நாள் அவர்கள் தண்டனையும் ஆயுளாயிற்று. 2022 மே 18 இல் பேரறிவாளனும், நவம்பர் 11 இல் ஏனைய அறுவரும் உச்சநீதி மன்றத்தின் ஆணையால் விடுதலை பெற்றனர். அவ்வழக்கின் அரசியலும், குண்டுவெடிப்பில் உயிரிழந்தோர் குடும்பங்களின் துயரும் இக்கட்டுரையின் எல்லைக்குப் புறம்பானவை. அப்பீல் வரலாற்றை ஆராய்வார் நோக்க வேண்டியது ஒன்று: இருபத்தறுவர் நான்காயினர், நால்வர் எவரும் இலராயினர், இத்தனைக்கும் கழிந்தது காலம், நீங்காது நின்றது உயிர்.

உச்சநீதி மன்றத்துக்குமேல் மன்றம் இல்லையாதலின், அதன் தீர்ப்பு பிழையாயின் அதுவே மீளாய்வு செய்தல் வேண்டும். நெடுஞ்செழியன் நின்ற நிலை இதுவே. 2002 ஆம் ஆண்டு ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில், மீளாய்வு மனுவும் தள்ளப்பட்ட பின்னர்க் 'குறைதீர் மனு' என ஒன்றை அம்மன்றம் தானே வகுத்துக்கொண்டது. 2014 இல் முகமது ஆரிப் வழக்கில், மரண தண்டனை பற்றிய மீளாய்வு மனுக்கள் நீதிபதிகளின் அறைக்குள் ஏட்டளவில் சுழன்று முடியாமல், திறந்த மன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் வாய்மொழியாக வாதிடப்படுதல் வேண்டும் என அறுதியிட்டது.

வார்த்திகனுக்குக் கிடைத்த ஈட்டுப்பொருள் மட்டும் இன்னும் சட்டமாகவில்லை. பிழையாகத் தண்டிக்கப்பட்டு மேல்மன்றத்தால் விடுவிக்கப்பட்டோர்க்கு அரசு ஈடு வழங்க வேண்டும் என விதிக்கும் பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. உயர்நீதி மன்றங்களும் உச்சநீதி மன்றமும் ஒரோவழி அடிப்படை உரிமையின் பெயரால் தொகை வழங்கியுள்ளன. அது மன்றத்தின் அருளேயன்றி மனுதாரரின் உரிமை அன்று. 2018 இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 277 ஆம் அறிக்கையில், பிழையாக வழக்குத் தொடரப்பட்டோர்க்கு ஈடு வழங்கும் சட்டப்பிரிவுகளை வகுத்துக் காட்டிற்று. கட்டுரை காதையின் பாண்டியன் சிறை திறந்தபோதே ஊர் இரண்டையும் எழுதிக் கொடுத்தான். அவ்விரண்டனுள் தங்கால் இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல் என்பர்.